ஒரே வடிவப் படகும் மாற்றத்தின் விலையும்: கட்டமரான் பந்தயத்தில் கருவி மேம்பாடும் நியாயமும்

ஒரே வடிவ வகுப்பு என்பது பாய்மரப் படகுப் பந்தயத்தில் இறங்கும் எல்லாப் படகுகளும் ஒரே வரைபடத்தின்படி, ஒரே அளவிலும் எடையிலும் அமைந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. படகுகளுக்குள் வேறுபாடு இல்லையென்றால் முதலில் வருபவர் நன்றாக ஓட்டியவராகத்தான் இருக்க முடியும் என்பது அதன் அடிப்படை. ஆனால் படகு தேயும் பொருள். பாய்த்துணி தொய்ந்துபோகும், உடல் இறுக்கம் இழக்கும், பாகங்களைச் செய்த ஆலை மூடப்படும், புதிய பொருள்கள் சந்தைக்கு வரும். ஆகவே ஒவ்வொரு வகுப்பும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே கேள்வியைச் சந்திக்கிறது: எதை மாற்ற விடுவது, எதை விடக்கூடாது, மாற்றினால் செலவு யார் தலையில் விழுவது?

இரண்டு உடல்களைக் கொண்ட, எடை குறைந்த, வேகமான கட்டமரான் வகுப்புகளில் இந்தக் கேள்வி மற்றப் படகுகளைவிடக் கூர்மையாக எழுகிறது. கடந்த அரை நூற்றாண்டில் ஹோபி 16, டொர்னாடோ, நக்ரா 17 ஆகிய வகுப்புகள் இதற்கு மூன்று வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு மாற்றம் நியாயமானதா என்பதை அதன் அளவைவிட அது வந்து சேரும் முறையே தீர்மானிக்கிறது என்பது தெரியவரும்.

ஒரே வடிவக் கொள்கையின் தோற்றம்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் படகுப் பந்தயம் பெருமளவு செல்வந்தர்களின் செலவுப் போட்டியாக இருந்தது. சற்று வேகமான புதிய படகு ஒன்று கட்டப்பட்டதும் முந்தைய ஆண்டின் படகு மதிப்பிழந்தது. இதற்கு மாற்றாக டப்ளின் விரிகுடாவில் 1887-இல் வாட்டர் வாக் என்ற சிறு படகு வகுப்பு தோன்றியது. தாமஸ் மிடில்டன் முன்வைத்த யோசனை எளியது: எல்லோரும் ஒரே மாதிரிப் படகைக் கட்டிக்கொள்வது, பணத்தால் வேகம் வாங்கும் வழியை அடைத்துவிடுவது. உலகின் முதல் ஒரே வடிவ வகுப்பாகக் கருதப்படுவது இதுவே.

அந்த முதல் வகுப்பே 1900-இல் தன் படகை மாற்றிக்கொண்டது. மேமி டாயில் வரைந்த சற்றுப் பெரிய வடிவத்தை உறுப்பினர்கள் ஏற்றார்கள். இன்றும் டன் லீரி துறைமுகத்தில் போட்டியிடுவது அந்த வடிவம்தான். என்றும் மாறாத படகு என்ற வாக்குறுதியோடு ஒரே வடிவக் கொள்கை பிறக்கவில்லை. தனி ஒருவர் தன் பணத்தால் மாற்றம் செய்துகொள்ளக் கூடாது, வகுப்பு முழுவதும் சேர்ந்தே மாற வேண்டும் என்பதுதான் தொடக்கத்திலிருந்தே இருந்த கட்டுப்பாடு.

கட்டமரானில் சிறு மாற்றம் ஏன் பெரிதாகிறது

ஒற்றை உடல் கொண்ட சாதாரணப் பாய்மரப் படகு ஒரு குறிப்பிட்ட வேகத்தை நெருங்கும்போது, அது தானே எழுப்பும் அலை அதற்குத் தடையாகிறது. அந்த நிலையில் கூடுதலாகக் கிடைக்கும் காற்றின் விசையில் பெரும்பகுதி அலையை எழுப்புவதிலேயே செலவாகிவிடும். கட்டமரானின் உடல்கள் ஒடுங்கியவை. அவை எழுப்பும் அலை சிறியது. அதனால் பாயிலிருந்து வரும் கூடுதல் விசை வேகமாக மாறுகிறது. ஒற்றையுடல் படகில் சில மீட்டர் முன்னிலை தரும் மேம்பாடு, கட்டமரானில் பந்தயத்தின் முடிவையே மாற்றலாம்.

எடையும் அப்படியே. ஹோபி 16 படகின் எடை சுமார் 145 கிலோ. அதை ஓட்டும் இருவருக்கும் சேர்த்து வகுப்பு விதிக்கும் குறைந்தபட்ச எடை 129 கிலோவுக்குச் சற்று மேல். படகும் ஆட்களும் ஏறக்குறைய சம எடை என்பதால், படகில் குறையும் ஐந்து கிலோவும் ஆளில் கூடும் ஐந்து கிலோவும் கணக்கில் வருகின்றன.

பாகங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது மற்றொரு காரணம். கட்டமரானின் பாய்மரம் பெரும்பாலும் தன் அச்சில் சுழலக்கூடியது. காற்றின் அழுத்தத்தில் வளையவும் செய்யும். பெரிய பாயின் முன்விளிம்பு அந்த வளைவுக்கு ஏற்பவே வெட்டித் தைக்கப்படுகிறது. பாய்மரத்தின் விறைப்பை மாற்றினால் பழைய பாய் அதற்குப் பொருந்தாமல் போகும். பாய் மாறினால் அதை இழுக்கும் கயிற்றமைப்பின் சுமையும் மாறும். ஒரு பாகத்தை மட்டும் மேம்படுத்துவதாகத் தொடங்கும் திட்டம் மூன்று பாகங்களின் விலையில் முடிவது இதனால்தான்.

படகின் வயது இன்னொன்று. இரண்டு உடல்களையும் குறுக்குச் சட்டங்கள் இணைக்கின்றன. நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளம் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இணைப்புகள் தளர்ந்து, அலையில் படகு முறுக ஆரம்பிக்கும். அப்போது பாய்மரத்தை முன்புறம் தாங்கும் கம்பி தொய்ந்து முன்பாயின் வடிவம் கெடும். விதியில் ஓர் எழுத்துகூட மாறாதபோதும், புதிய படகு வாங்க முடிந்தவருக்கும் பத்தாண்டு பழைய படகை ஓட்டுபவருக்கும் இடையே இடைவெளி வளர்கிறது. மாற்றத்தைத் தடைசெய்வது மட்டுமே சமத்துவத்தைக் காப்பாற்றும் என்ற வாதத்தின் பலவீனம் இங்கே இருக்கிறது.

படகை நீரிலிருந்து தூக்கும் ஃபாயில் எனப்படும் நீர்ச்சிறகு வந்த பிறகு இந்த நுட்பங்கள் எல்லாம் மேலும் கூர்மையடைந்தன. ஃபாயிலின் தூக்குவிசை வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடுகிறது. ஒரு வரம்பைத் தாண்டிய படகு எழுந்து பறக்கிறது. தாண்டாதது நீரை உழுதுகொண்டு பின்தங்குகிறது. ஃபாயிலின் கோணத்திலோ மேற்பரப்பின் வழுவழுப்பிலோ உள்ள சிறு வேறுபாடு, யார் முதலில் எழுகிறார் என்பதைத் தீர்மானித்துவிடும்.

விதிகள் கட்டுப்படுத்தும் வழிகள்

உலகப் பாய்மரப் படகு விளையாட்டை நிர்வகிக்கும் வேர்ல்டு செயிலிங் அமைப்பு, படகு வகுப்பு விதிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. மூடிய விதிகளில், வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது எல்லாம் தடை. திறந்த விதிகளில், வெளிப்படையாகத் தடுக்கப்படாதது எல்லாம் அனுமதி. ஒரே வடிவ வகுப்புகள் பெரும்பாலும் மூடிய விதிகளையே கைக்கொள்கின்றன. கயிறு சுற்றும் கப்பியின் வகை முதல் கட்டையில் ஒட்டும் நாடா வரை பட்டியலில் இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்துவதில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அளவை வழி: எந்தப் பட்டறையும் படகைக் கட்டலாம்; ஆனால் அளவையாளர் வைத்திருக்கும் வார்ப்புருக்களுக்குள், விதி தரும் ஏற்பு விலகலுக்குள் அது அடங்க வேண்டும். டொர்னாடோ இந்த வகை. இரண்டாவது, ஒற்றை உற்பத்தியாளர் வழி: ஒரே நிறுவனம் உடல், பாய்மரம், பாய் எல்லாவற்றையும் செய்யும், வாங்குபவர் எதையும் தொடக்கூடாது. ஹோபி 16, நக்ரா 17 இவ்வகை. மூன்றாவது, பெட்டி விதி: நீளம், அகலம், குறைந்தபட்ச எடை, பாய்ப்பரப்பு போன்ற எல்லைகளை மட்டும் விதித்து, உள்ளே வடிவமைப்பாளருக்குச் சுதந்திரம் தருவது. ஃபார்முலா 18, ஏ-கிளாஸ் இவ்வகை. இவை கண்டிப்பான பொருளில் ஒரே வடிவ வகுப்புகள் இல்லை. ஆனால் ஒரே வடிவ வகுப்புகளின் சிக்கல்களை ஒப்பிட்டு அறிய உதவுகின்றன.

அளவை வழியில் போட்டி பட்டறைகளுக்கிடையே நகர்கிறது. டொர்னாடோவைப் பலர் கட்டலாம் என்று விதி சொன்னாலும், ஸ்வீடனின் வெஸ்டர்விக் நகரில் மார்ஸ்ட்ரோம் பட்டறை கட்டிய படகுகளே ஒலிம்பிக் மட்டத்தில் நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்தின. விதிக்குள் இருந்துகொண்டே, விறைப்பாகவும் நீடித்தும் உழைக்கும் உடலைக் கட்டும் திறமை அங்கே இருந்தது. எழுத்தில் பல உற்பத்தியாளர் வகுப்பாக இருந்தது நடைமுறையில் ஏறக்குறைய ஒற்றை உற்பத்தியாளர் வகுப்பாகிவிட்டது.

மாற்றங்களின் வகைகள்

படகில் செய்யப்படும் மாற்றங்கள் எல்லாம் ஒரே தன்மையானவை இல்லை. நோக்கத்தை வைத்து அவற்றை நான்காகப் பிரிக்கலாம். தேய்ந்த அல்லது கிடைக்காமல் போன பாகத்துக்குப் பதில் வைப்பது ஒன்று. உயிருக்கு ஆபத்தைக் குறைக்கும் பாதுகாப்பு மாற்றம் மற்றொன்று. உடல்வலுக் குறைந்தவரும் படகை ஓட்ட உதவும் கையாளல் மாற்றம் மூன்றாவது. வேகத்துக்காகவே செய்யப்படும் மாற்றம் நான்காவது.

முதல் மூன்று வகைகளுக்கு எதிர்ப்பு குறைவு. ஆனால் எல்லைகள் தெளிவாக இருப்பதில்லை. நீடித்து உழைக்கும் பாய்த்துணி வடிவத்தையும் நீண்ட காலம் வைத்திருக்கும், அது வேகமும்கூட. எளிதாக இழுக்க உதவும் கப்பியமைப்பு, பாயைத் துல்லியமாகச் சரிசெய்ய இடம் தருகிறது. அதனால் மாற்றத்தை முன்மொழிபவர் சொல்லும் காரணத்தை ஏற்பதோடு நிற்காமல், அதன் விளைவையும் நீரில் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உறைந்து நிற்கும் படகு: ஹோபி 16

கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் உருவாக்கிய ஹோபி 16, 1970 வாக்கில் சந்தைக்கு வந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது. இதன் உடல்கள் ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருப்பதால் டாகர்போர்டு எனப்படும் இறக்குப் பலகை தேவையில்லை. மணற்கரையில் நேராக ஏற்றிவிடலாம். ஐம்பதாண்டுகள் கடந்தும் உடலும் பாயின் வடிவமும் அடிப்படையில் மாறவில்லை. பாயை உற்பத்தியாளர் மட்டுமே தர முடியும்.

உலகப் போட்டிகளில் இந்த வகுப்பு இன்னொரு படி மேலே போகிறது. போட்டிக்கென்று உற்பத்தியாளர் ஒரே தொகுதியில் புதிய படகுகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். போட்டியாளர்கள் பந்தயத்துக்குப் பந்தயம் படகு மாறுகிறார்கள். தொழிற்சாலையில் ஏற்படும் சிறு வேறுபாடும் இதனால் எல்லோருக்கும் பங்கிடப்படுகிறது. உபகரணத்தில் செலவழித்து முந்தும் வழி இங்கே ஏறக்குறைய முழுமையாக அடைபடுகிறது.

உறைய வைத்த இந்தப் படகிலும் மாற்றம் நுழையாமல் இல்லை. அலுமினியப் பாய்மரம் கரையோர மின்கம்பிகளில் பட்டு நிகழ்ந்த உயிர்ச்சேதங்களுக்குப் பின், 1980-களில் பாய்மரத்தின் மேற்பகுதி மின்சாரம் கடத்தாத கூட்டுப்பொருளால் செய்யப்பட்டது. காம்ப்டிப் எனப்படும் இந்த அமைப்பு வட அமெரிக்காவில் கட்டாயமானது. உலகின் பிற பகுதிகளில் முழு அலுமினியப் பாய்மரம் தொடர்ந்தது. பாதுகாப்பு என்ற மறுக்க முடியாத காரணத்துக்காக, ஒரே வடிவ வகுப்பு இரண்டு பாய்மரங்களோடு வாழக் கற்றுக்கொண்டது. ஒரே போட்டிக்குள் இரண்டும் கலக்காதவரை இதில் நியாயக்கேடு இல்லை. இரு பகுதிகளின் படகோட்டிகள் சந்திக்கும்போதுதான் எதை அனுமதிப்பது என்ற கேள்வி எழும்.

சுக்கான் விஷயம் வேறு மாதிரி. ஆரம்பத்தில் ஹோபி 16-க்கு வார்ப்புப் பிளாஸ்டிக் சுக்கான் அலகுகள் வந்தன. அவை அழுத்தத்தில் வளைந்தன. பின்னர் உற்பத்தியாளரே கண்ணாடி இழையாலான விறைப்பான அலகுகளை விலை கூடிய மாற்றுப் பாகமாகத் தந்தார், வகுப்பும் அனுமதித்தது. விதிப்படி அது விருப்பத் தேர்வு. ஆனால் தரமான போட்டியில் இறங்குபவர் எல்லோரும் அதையே வாங்கும் நிலை வந்ததும் விருப்பம் என்ற சொல் பொருளிழந்தது. சிறிய, விருப்பத்துக்குரிய மேம்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வது, பெரிய மாற்றத்தைவிட அதிகச் செலவில் கொண்டுபோய் விடலாம். வாக்கெடுப்பின்றி, விவாதமின்றி அவை நுழைவதால் கவனத்துக்கு வருவதும் குறைவு.

ஒரே தாவலில் மாற்றம்: டொர்னாடோ

ராட்னி மார்ச் 1967-இல் வடிவமைத்த டொர்னாடோ சுமார் 6.1 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது. 1976-இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. முதல் தங்கத்தை பிரிட்டனின் ரெஜ் ஒயிட், ஜான் ஆஸ்போர்ன் இணை வென்றது. 1990-களின் இறுதியில், முன்புறம் நீட்டிய கம்பில் ஸ்பின்னக்கர் எனப்படும் பெரிய கூடுதல் பாயை விரித்துப் பாயும் புதிய கட்டமரான்கள் சந்தைக்கு வந்தபோது டொர்னாடோ பழையதாகத் தோன்ற ஆரம்பித்தது. ஒலிம்பிக் இடமே கைநழுவிப் போகலாம் என்ற அச்சமும் இருந்தது.

2000-க்குப் பின் வகுப்பு ஒரேயடியாக மாறியது. ஸ்பின்னக்கர், இருவரும் படகுக்கு வெளியே தொங்குவதற்கான இரட்டை ட்ரபீஸ், மேற்பகுதி அகன்ற பெரிய பாய் ஆகியவை ஒன்றாக வந்தன. உடலில் கைவைக்கவில்லை. இதனால் பழைய படகின் மிக விலையுயர்ந்த பகுதி மதிப்பிழக்கவில்லை. மேலே உள்ள பாய்த்தொகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு எவரும் புதிய வகுப்பில் சேர முடிந்தது. மாற்றம் சிட்னி ஒலிம்பிக்குக்குப் பின், ஏதென்ஸுக்கு நான்காண்டுகள் முன்பு வந்ததால் கற்றுக்கொள்ளக் காலமும் கிடைத்தது. ஆஸ்திரியாவின் ரோமான் ஹகாரா, ஹான்ஸ்-பீட்டர் ஸ்டைனாகர் இணை 2000-இல் பழைய டொர்னாடோவிலும் 2004-இல் புதிய டொர்னாடோவிலும் தங்கம் வென்றது. போதிய அவகாசத்தோடு எல்லோருக்கும் ஒன்றாக வரும் மாற்றம் திறமையின் வரிசையைக் கலைத்துவிடும் என்ற கட்டாயமில்லை என்பதை அந்த முடிவு காட்டுகிறது.

மாறிய விதியில் ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. ஸ்பின்னக்கரின் பரப்புக்கு மேல்வரம்பு இருந்தது. அதைவிடச் சிறிதாக, தட்டையாக வெட்டுவதைத் தடுக்க எதுவும் இல்லை. 2008 ஒலிம்பிக் படகுப் போட்டி நடந்த சிங்டாவ் காற்று குறைந்த இடமாக அறியப்பட்டிருந்தது. சில அணிகள், காற்றுக்கு எதிராக ஏறும்போதும் விரித்துவைக்கக்கூடிய சிறிய ஸ்பின்னக்கரை வடிவமைத்துக் கொண்டுவந்தன. போட்டி நாட்களில் காற்று எதிர்பார்த்ததைவிட வலுவாக வீசியது. அந்த வகைப் பாயை நம்பிய அமெரிக்க இணை பட்டியலின் அடிப்பகுதியில் முடித்தது. தங்கம் ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ எச்சவாரி, அந்தோன் பாஸ் இணைக்குச் சென்றது. காற்று மெலிந்திருந்தால், ஆய்வுக்குச் செலவழித்த சில அணிகளே பதக்கங்களைப் பங்கிட்டிருக்கக்கூடும். புதிய பாகத்தை விதிக்குள் கொண்டுவரும்போது மேல்வரம்பு மட்டும் வைத்தால் போதாது, கீழ்வரம்பும் வடிவ வரையறையும் வேண்டும் என்பது அந்த நிகழ்வின் பாடம்.

இந்த மேம்பாடுகள் டொர்னாடோவின் ஒலிம்பிக் இடத்தைக் காப்பாற்றவும் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பல்லுடல் படகுக்கு இடமில்லை என்று 2007-இல் முடிவானது.

பாதியில் மாறிய படகு: நக்ரா 17

2016 ரியோ ஒலிம்பிக்குக்கு, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்டும் பல்லுடல் படகு என்ற புதிய பிரிவு வந்தது. ஸ்பெயினின் சாண்டாண்டரில் நடந்த சோதனைகளுக்குப் பின் 2012-இல் தேர்வானது நக்ரா 17. மொரெல்லி அண்ட் மெல்வின் வடிவமைத்த இப்படகு 5.25 மீட்டர் நீளமானது. வளைந்த இறக்குப் பலகைகள் உடலை ஓரளவு தூக்கிக் கொடுத்தன, முழுதாகப் பறக்கவிடவில்லை. இந்தப் படகில்தான் அர்ஜென்டினாவின் சாந்தியாகோ லாங்கே, செசிலியா கரான்சா இணை ரியோ தங்கத்தை வென்றது.

ரியோ முடிந்ததும் படகை முழுமையாகப் பறக்கும் ஃபாயில் படகாக மாற்றுவதென்று தீர்மானமானது. டொர்னாடோ உடலைத் தொடாமல் மாறியது. இங்கே பலகை நுழையும் உறை முதல் சுக்கான் வரை படகின் நீரடிப் பகுதியே மாறியது. 2017-இல் பிரான்சின் லா கிராந்த் மோட்டில் நடந்த உலகப் போட்டியே ஃபாயில் வடிவத்தின் முதல் உலகப் போட்டி. ஓராண்டுக்குள் ஓட்டும் முறையே வேறாகிவிட்டது. தேசிய அணிகளின் நிதியுதவி உள்ளவர்கள் புதிய கருவியை விரைவில் பெற்றுப் பயிற்சி தொடங்கினார்கள். சொந்தப் பணத்தில் ஓட்டியவர்களுக்குப் படகின் விலையோடு, தண்ணீரில் கழிக்க வேண்டிய கூடுதல் காலமும் செலவானது. கூர்மையான ஃபாயில்களோடு வேகமாகச் செல்லும் படகிலிருந்து விழுந்து காயம்படும் ஆபத்தும் கூடியது. பயிற்சியின்போது கடுமையான காயங்கள் நேர்ந்தன.

ஒற்றை உற்பத்தியாளர் ஏற்பாடு இங்கே மற்றொரு நுட்பத்தை வெளிப்படுத்தியது. கார்பன் இழையால் வார்க்கப்படும் ஃபாயில்கள் ஒரே அச்சிலிருந்து வந்தாலும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வசதியுள்ள அணி பல இணைகளை வாங்கி, நீரில் சோதித்து, சிறந்ததை வைத்துக்கொள்ள முடியும். எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனாலும் பணம் வேகமாக மாறியது. உற்பத்தி விலகலைக் குறைப்பதும், ஒருவர் பதிவுசெய்யக்கூடிய பாகங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் இதற்கான பரிகாரங்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பின் அடுத்த மாற்றம் வந்தது: சுக்கானில் உள்ள ஃபாயிலின் கோணத்தைப் பந்தயத்தின் நடுவிலேயே சரிசெய்யும் அமைப்பு. காற்றுக்கு எதிராக ஏறும்போதும் படகு நிலையாகப் பறக்க இது வழிசெய்தது. முந்தையதோடு ஒப்பிட்டால் இது வரம்புக்குட்பட்ட மாற்றம். உடல், பாய்மரம், பாய் அப்படியே இருந்தன. இத்தாலியின் ருஜ்ஜேரோ தீத்தா, கத்தெரீனா பாந்தி இணை டோக்கியோவிலும், பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டி நடந்த மார்செயிலும் தங்கம் வென்றது. ஆஸ்திரிய இணையைப்போல இவர்களும் மாற்றத்தின் இருபுறமும் முதலிடத்தில் நின்றார்கள்.

பெட்டி விதி வகுப்புகளின் அனுபவம்

ஏ-கிளாஸ் என்பது ஒருவர் ஓட்டும் கட்டமரான். நீளம் 5.49 மீட்டர், அகலம் 2.30 மீட்டர், குறைந்தபட்ச எடை 75 கிலோ, பாய்ப்பரப்பு 13.94 சதுர மீட்டர் என்ற எல்லைகளுக்குள் எவரும் எதையும் வடிவமைக்கலாம். ஃபாயில் தொழில்நுட்பம் பரவியபோது அதைத் தடுக்க முயன்ற விதி ஒன்று இருந்தது: பலகைகளை உடலின் மேற்புறமிருந்து செருக வேண்டும். வடிவமைப்பாளர்கள் மேலிருந்தே செருகக்கூடிய வளைந்த ஃபாயில்களை உருவாக்கிவிட்டார்கள். கடைசியில் வகுப்பு பறக்கும் படகுகளுக்கு ஓபன் என்றும், பறக்காதவற்றுக்கு கிளாசிக் என்றும் இரண்டு பிரிவுகளை ஏற்றுக்கொண்டது. பழைய படகுகள் மதிப்பிழக்கவில்லை, புதுமையும் நிற்கவில்லை. ஒரு போட்டியில் திரளும் படகுகள் இரண்டாகப் பிரிந்தன என்பதே அதற்கான விலை. நூறு படகுகள் வரும் உலகப் போட்டிக்கு இது தாங்கும். எட்டுப் படகுகள் மட்டுமே உள்ள சிறு மன்றத்துக்குத் தாங்காது.

ஃபார்முலா 18 வேறு வழியில் சென்றது. நீளம் 5.52 மீட்டர், அகலம் 2.60 மீட்டர், எடை 180 கிலோ என்ற எல்லைகளோடு, பாய்மரம் அலுமினியமாகவே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் வைத்தது. வடிவத்தில் சுதந்திரம், பொருளில் சிக்கனம் என்ற இந்தக் கலவையால் பல நிறுவனங்களின் படகுகள் ஒரே போட்டியில் இறங்கின. விலையும் கார்பன் படகுகளின் உயரத்துக்குப் போகவில்லை. எந்தக் கூறு செலவை மிக வேகமாக ஏற்றுமோ அதை மட்டும் பூட்டிவைத்து, மற்றவற்றைத் திறந்துவிடுவது ஒரே வடிவ வகுப்புகளும் கடன் வாங்கத்தக்க முறை.

ஆட்களின் எடை என்ற மறைந்த கருவி

கருவிகளைச் சமமாக்கினாலும் ஆட்கள் சமமாக இருப்பதில்லை. பலத்த காற்றில் கனமான இணை படகைச் சாயாமல் பிடிக்கும். மெல்லிய காற்றில் இலேசான இணை முந்தும். ஹோபி 16 இதற்குக் குறைந்தபட்ச எடை வைத்து, குறைவானவர் ஈடு எடை சுமக்கச் செய்கிறது. ஃபார்முலா 18, இலேசான இணைக்குச் சிறிய முன்பாயும் சிறிய ஸ்பின்னக்கரும் என்ற இரட்டை அளவு முறையைக் கொண்டுவந்தது.

கருவி மேம்பாட்டோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. பாய்ப்பரப்பைக் கூட்டும் எந்த மாற்றமும் வகுப்புக்கு உகந்த உடல் எடையை உயர்த்துகிறது. இரட்டை ட்ரபீஸ் அதைக் குறைக்கிறது. ஃபாயில் உயரத்தையும் உடல் வலுவையும் வேறு விதமாகக் கோருகிறது. பெண்களும் இளையோரும் கலந்து ஓட்டும் வகுப்பில், பாகத்தின் விலையைவிட இந்த நகர்வு அதிகம் பேரை வெளியேற்றக்கூடும். எனவே மாற்றத்தைச் சோதிக்கும்போது வெவ்வேறு எடையுள்ள இணைகளை வைத்தே சோதிக்க வேண்டும்.

ஒற்றை உற்பத்தியாளரின் இரட்டைப் பாத்திரம்

ஒரே நிறுவனம் படகைச் செய்யும்போது அளவைச் சண்டைகள் குறைகின்றன. அதற்கு ஈடாக, பாகத்தை விற்று வாழும் நிறுவனமே பாகம் மாற வேண்டுமா என்ற விவாதத்திலும் குரல் கொடுக்கிறது. மாற்றம் வந்தால் விற்பனை கூடும். மாற்றமே வராவிட்டால் புதிய படகுகள் விற்காமல் ஆலை மூடப்படலாம். இரண்டு முனைகளிலும் வகுப்புக்கு ஆபத்து உண்டு. உற்பத்தி நின்றுபோன வகுப்புகளின் படகோட்டிகள் பழைய படகுகளைக் கழற்றிப் பாகம் சேர்த்து ஓட்டும் நிலைக்கு வருகிறார்கள். அப்போது, வேறு பட்டறையின் பாயை அனுமதிப்பதா என்ற கேள்விக்கு ஆம் என்பதைத் தவிர வேறு விடை இருப்பதில்லை.

இதில் கட்டமரான் வகுப்புகளுக்குப் பயன்படும் பாடம் ஒற்றையுடல் படகான லேசரிடமிருந்து வந்தது. அதன் பாய் விரைவில் தொய்ந்துபோவதாகப் பல ஆண்டுகள் குறை இருந்தது. உறுதியான துணியில் புதிய பாய் வந்தபோது, வேகம் பழையதை ஒட்டியே இருக்கும்படி வடிவமைத்து, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த விட்டார்கள். ஆயுள் கூட்டும் மாற்றத்துக்கு அது நல்ல முன்மாதிரி. பின்னர் 2019-இல் வகுப்புச் சங்கத்துக்கும் ஓர் உற்பத்தியாளருக்கும் பிணக்கு முற்றி, படகு ஐஎல்சிஏ என்ற பெயரில் பல உற்பத்தியாளர்களிடம் சென்றது. ஒலிம்பிக் கருவிகளைத் தயாரிக்கும் உரிமத்தை நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளில் பலருக்கும் தர வேண்டும் என்ற கொள்கையை வேர்ல்டு செயிலிங் முன்வைத்ததும் இதே காலத்தில்தான்.

மன்ற மட்டமும் பழைய படகுகளும்

உலகப் போட்டிக்காக எடுக்கும் முடிவு, அங்கே ஒருபோதும் போகாத பெரும்பான்மையினரையும் பாதிக்கிறது. வார இறுதியில் ஓட்டுபவருக்குப் புதிய பாகம் தரும் வேகம் பொருட்டில்லை. தன் படகு விதிக்கு வெளியே தள்ளப்படுகிறதா என்பதே கவலை. உற்பத்தியாளரிடமிருந்து தொலைவில் உள்ள நாடுகளில், கப்பற்கட்டணமும் சுங்கவரியும் பாகத்தின் விலையோடு சேர்கின்றன. இளையோர் உலகப் போட்டியில் பல்லுடல் படகு ஹோபி 16, எஸ்எல் 16, நக்ரா 15 என்று மாறிக்கொண்டே வந்தபோது, படகுத் தொகுதி வாங்கிப் பயிற்சி அளித்த தேசியச் சங்கங்கள் ஒவ்வொரு முறையும் முதலீட்டைப் புதிதாகத் தொடங்க நேர்ந்தது.

மன்ற மட்டத்தில் இதற்கு வடிகாலாக இருப்பது ஹாண்டிகேப் கணக்கு. எஸ்சிஎச்ஆர்எஸ், டெக்சல் ஆகிய முறைகள் படகின் நீளம், எடை, பாய்ப்பரப்பு போன்ற அளவுகளிலிருந்து ஒரு மதிப்பெண்ணைக் கணிக்கின்றன. போர்ட்ஸ்மவுத் முறை கடந்த பந்தயங்களின் நேரங்களிலிருந்து கணிக்கிறது. ஸ்பின்னக்கர் சேர்த்தவர் மதிப்பெண் மாற்றத்தை ஏற்றுக்கொண்டு, சேர்க்காதவரோடு போட்டியிடலாம். யார் முதலில் கரை சேர்ந்தார் என்ற நேரடித் தீர்ப்பு இதில் கிடைக்காது. ஒரே வடிவப் பந்தயத்தின் சுவையும் குறையும். ஆனால் படகுகள் கரையில் கிடந்து வீணாவதை அது தடுக்கிறது.

நியாயமான மாற்றத்தின் நடைமுறை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து, ஒரு மேம்பாட்டை வகுப்பு எப்படி நடத்த வேண்டும் என்பதற்குச் சில நெறிகள் தெளிவாகின்றன. முன்மொழிவு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் வெளிப்படையாகப் பெயரிட வேண்டும். ஆயுளுக்காக என்று சொல்லி வேகத்தைக் கொண்டுவரக் கூடாது. பழைய பாகமும் புதிய பாகமும் ஒரே நீரில், வெவ்வேறு காற்றில், வெவ்வேறு எடையுள்ள ஆட்களோடு சோதிக்கப்பட வேண்டும். வேக வேறுபாடு அற்பமானால் இரண்டையும் சேர்ந்து ஓட விடலாம். கணிசமானால் ஒரே நாளில் எல்லோருக்கும் மாற்ற வேண்டும் அல்லது தனிப் பிரிவு வைக்க வேண்டும். இடைப்பட்ட நிலைதான், அதாவது புதியது அனுமதி, பழையதும் அனுமதி, ஆனால் புதியதே வெல்லும் என்ற நிலைதான், எல்லாவற்றிலும் அநியாயமானது.

காலம் அடுத்தது. பெரிய போட்டிச் சுழற்சி முடிந்த உடனே அறிவித்து, அடுத்ததற்கு முன் போதிய இடைவெளி தரும் மாற்றமே பயிற்சி வாய்ப்பைச் சமமாக்குகிறது. அறிவித்த நாளில் பாகங்கள் எல்லாக் கண்டங்களிலும் ஒரே சமயத்தில் கிடைக்க வேண்டும். முதல் தொகுதி யாருக்குப் போகிறது என்பதும் நியாயத்தின் பகுதியே. புதிய விதி எழுதும்போது மேல்வரம்பும் கீழ்வரம்பும் சேர்த்து எழுதப்பட வேண்டும். ஒருவர் எத்தனை பாகங்களைப் பதிவுசெய்யலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

யார் முடிவெடுப்பது என்பதும் தீர்க்கப்பட வேண்டிய ஒன்று. உறுப்பினர் வாக்கெடுப்பு மட்டும் இருந்தால், பழைய படகு வைத்திருக்கும் பெரும்பான்மை எல்லா மாற்றத்தையும் நிறுத்தி, வகுப்பை மெல்ல முதுமையடையச் செய்யலாம். முன்னணிப் போட்டியாளர்கள் மட்டும் முடிவெடுத்தால் செலவு தாங்காதவர்கள் விலகிப்போவார்கள். உற்பத்தியாளர் முடிவெடுத்தால் விற்பனைக் கணக்கு குறுக்கே வரும். சங்கத்தின் தொழில்நுட்பக் குழு பரிந்துரைப்பது, சாதாரணப் பெரும்பான்மையைவிடக் கூடுதலான வாக்குகளை உறுப்பினர்களிடம் பெறுவது, மேல் அமைப்பு அங்கீகரிப்பது என்ற மூன்றடுக்கு முறையைப் பல வகுப்புகள் கைக்கொள்வது இந்த மூன்று நலன்களையும் ஒன்றுக்கொன்று தடையாக நிறுத்துவதற்காகவே.

ஹோபி 16 மாற்றத்தை மறுத்து எண்ணிக்கையில் வளர்ந்தது. டொர்னாடோ உடலைக் காத்துப் பாயை மாற்றியது. நக்ரா 17 உடலையும் மாற்றிப் பறந்தது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். மூன்றிலும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த வகுப்பு யாருக்காக நடத்தப்படுகிறது என்பதை அது முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஒலிம்பிக் மேடைக்கான வகுப்புக்குத் துணிவான மாற்றம் பொருந்தும். கடற்கரை மன்றங்களில் வாழும் வகுப்புக்கு மெதுவான, பழையதோடு ஒத்துப்போகும் மாற்றமே பொருந்தும். அந்த முடிவை எடுத்த பிறகு, மாற்றத்தை எல்லோருக்கும் ஒரே தேதியில், ஒரே விலையில், ஒரே மூலத்திலிருந்து கிடைக்கச் செய்வதே ஒரே வடிவக் கொள்கை கேட்கும் குறைந்தபட்ச நேர்மை.